மூன்று நிமிடம்

மறுபடியும் நாக்கு வந்துவிட்டது.

டாக்டர் ஜியாவுதீன் கையை எடுத்துக்கொண்டார். உலர்த்தி வைத்த பல்லின்மேல் எச்சில் பளபளத்தது.

வேர் சிகிச்சை முடிந்த கீழ்ப்பல். மேலே உடைந்துபோய் வேர்தான் மிச்சம். அதற்குள் ஈர்க்குச்சி போல ஒரு நார்க்கம்பியை ஒட்டி, அதன்மேல் பல்லைக் கட்ட வேண்டும்.

ஒட்டும் பசைக்கு ஒரு சொட்டு எச்சில்கூட ஆகாது.

இரண்டு முறை ஒட்டியாகிவிட்டது. இரண்டு முறையும் இடுக்கியால் லேசாக இழுத்ததும் கம்பி கையோடு வந்துவிட்டது. பழைய பசையைச் சுரண்டச் சுரண்ட வேர் மெலிந்துகொண்டே போகிறது. இந்த முறையும் வந்தால் பல்லைப் பிடுங்குவதைத் தவிர வழியில்லை.

இதையெல்லாம் சொல்லியாயிற்று. நாற்காலியில் சாய்ந்திருந்த வேலம்மாள் ஒவ்வொரு தடவையும் தலையாட்டினாள். ஆட்டி முடிப்பதற்குள் உதடு அசைந்தது.

வாயில் எதையாவது அடக்கி வைத்திருக்கிறீர்களா என்றுகூடக் கேட்டுப் பார்த்துவிட்டார்.

"நாக்குக்கு ஒரு தாழ்ப்பாள் வாங்கணும் சார்," என்றாள் உதவிக்கு நின்ற நிர்மலா.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. நனைந்த பஞ்சைத் தட்டில் எறிந்தார். அப்படி என்னதான் முணுமுணுக்கிறீர்கள் என்றார். குரல் உயர்ந்துவிட்டது.

வேலம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மதுரையில என் தங்கச்சிக்கு இப்ப ஆபரேஷன் நடக்குது டாக்டர். கூட ஒரு ஆளைத்தான் விடுவாங்களாம். அவ வெளிய வர்ற வரைக்கும் முருகன் பேரை விடமாட்டேன்னு சொல்லியிருக்கேன்."

நிர்மலா புதுப் பஞ்சைத் தேடப் போனாள்.

அவர் கையுறையைக் கழற்றினார். வேறொன்று மாட்டிக்கொண்டார். அதற்குச் சற்று நேரம் எடுத்தது.

"தங்கச்சி பேரு என்னம்மா?"

"உலகம்மை."

"மூணு நிமிஷம் நாக்கை அசைக்காம இருங்க. அது வரைக்கும் நான் அல்லாகிட்ட கேக்குறேன்."

வேலம்மாள் அவரைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

கழுவினார். உலர்த்தினார். பசை வைத்துக் கம்பியை இறக்கினார். பசையை இறுக்கும் நீல விளக்கு எரிந்தது.

நாக்கு கிடந்த இடத்திலேயே கிடந்தது. அவள் கண் மட்டும் அவருடைய முகக்கவசத்தை விட்டு நகரவில்லை. அந்தத் துணி அசைந்துகொண்டிருந்தது; மூச்சுக்கு அசைவது போல இல்லை.

விளக்கு அணைந்தது. இடுக்கியால் இழுத்துப் பார்த்தார்.

கம்பி வரவில்லை.

இனி வாயை மூடலாம் என்று நிர்மலா சைகை காட்டினாள். வேலம்மாள் மூடவில்லை. வேண்டாம் என்று மெல்லக் கையை அசைத்தாள்.

துணி இன்னும் அசைந்துகொண்டிருந்தது.