கடைசி இடம் வேண்டும்

“விட்டுடும்மா தாயே! அந்தப் பந்தை மட்டும் உள்ளே விட்டுடு, உனக்குப் புண்ணியமாப் போகும்!”

டி.வி.யில் தெரிந்த கோல்கீப்பர் பெண்ணைப் பார்த்து டிரைவிங் மாஸ்டர் கை கூப்பினார். அவர் போட்டிருந்தது அவள் டீமின் சட்டைதான், சொந்த ஊர் டீமின் நீலச் சட்டை. அவளோ ஒரே பாய்ச்சலில் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தாள்.

“பிடிச்சுட்டா பாவி! சீசன் பூரா ஓட்டைக் கை. இன்னைக்குன்னு பார்த்து இவ கையில பசை ஒட்டியிருக்கு.”

“அத்தான், அந்தச் சட்டையையாவது கழட்டிட்டுத் திட்டுங்க” என்றான் மச்சினன். ஊர் டீம் தோற்கும்போதெல்லாம் சாப்பிடாமல் படுக்கிற ரகம் அவன்.

“நீ சும்மா இரு மச்சான். நான் தோக்கச் சொல்றதே உன் டீமோட நல்லதுக்குத்தான்.”

அதுவும் பொய்யில்லை. பெண்கள் கால்பந்து லீக்கின் விதி அப்படி. சீசன் முடிவில் எந்த டீம் கடைசியில் கிடக்கிறதோ, அதுதான் புது ஆட்டக்காரிகளில் முதல் ஆளை எடுத்துக்கொள்ளும். இந்த வருஷம் அந்த முதல் ஆள் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சோபா ஓரத்தில் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மாஸ்டரின் மகள்தான்.

இன்று கடைசி ஆட்டம். ஊர் டீம் ஜெயிக்காமல் இருந்தால் போதும், கடைசி இடம் அதற்குத்தான். மகள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு மைதானத்துக்கு நடந்தே போகலாம். ஜெயித்துத் தொலைத்தால், நாட்டின் மறுகோடியில் பனி கொட்டும் ஊர் ஒன்றின் டீம் கடைசிக்குப் போய்விடும். மகள் அங்கே மூன்று வருஷம் ஆட வேண்டும். மாட்டேன் என்றால் லீக்கிலேயே இடம் கிடையாது.

“ஒரு வார்த்தை கேட்டாங்களா?” மாஸ்டர் பொருமினார். “உனக்கு எங்கேம்மா ஆட ஆசைன்னு ஒருத்தனாவது இவளைக் கேட்டானா?”

“கேட்டா எல்லாரும் பெரிய டீமைத்தான் கை காட்டுவாங்க அத்தான். அப்புறம் வருஷா வருஷம் அவங்கதான் ஜெயிப்பாங்க. நம்மள மாதிரி சோப்ளாங்கி டீம் பொழைக்க வேண்டாமா?”

“டீமுக்கு டீம் நியாயம் பார்த்துட்டீங்க. ஆடுறவளுக்கு? என் பொண்ணு இங்கேதான் ஆடணும்னு ஆசைப்படுறா. இல்லேம்மா?”

மகள் வாயைத் திறப்பதற்குள், “பாரு, அவளே சொல்றா” என்று டி.வி. பக்கம் திரும்பிவிட்டார்.

ஆட்டம் முடிகிற நேரம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. திடீரென்று ஊர் டீமின் குள்ளப் பெண் ஒருத்தி பந்தைத் தள்ளிக்கொண்டு ஓரமாக ஓடினாள். மாஸ்டரின் வலது கால் தானாகத் தரையை மிதித்தது. கற்றுக்கொள்பவர்களின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தனக்கென்று வைத்த தனி பிரேக்கை எப்போதும் மிதித்தே பழகிய கால் அது. இன்றைக்குப் பிரேக் பிடிக்கவில்லை. வலை குலுங்கியது. கூடவே கடைசி விசிலும் ஊதியது.

மச்சினன் துள்ளி எழுந்தான். மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவின் முகத்தைப் பார்த்ததும் துள்ளலைப் பாதியில் விழுங்கிவிட்டு உட்கார்ந்தான்.

“மூணு வருஷம்...” என்றாள் அம்மா. “அந்தக் குளிர்ல துவைச்ச துணி காயுமாடா?”

மகள் முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அம்மா அவள் முதுகைத் தடவினாள். “அழாதடி கண்ணு.”

மாஸ்டர் டி.வி.யை அணைத்தார். கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தார்.

“எவன் எழுதினான் இந்த விதியை? என்கிட்ட ஓட்டக் கத்துக்கிட்டவன் யார் லாரியை ஓட்டணும்னு லாரி முதலாளிங்க கூடி உட்கார்ந்து பங்கு போடறாங்களா? அவன் இஷ்டம், அவன் போறான். என் பொண்ணு மட்டும் என்ன, எவன் காலுக்குக் கிடைச்சாலும் உதைக்கிற பந்தா?”

மச்சினன் தயங்கித் தயங்கிச் சொன்னான். “ஆட்டக்காரிங்க சங்கத்துலயும் இதையேதான் கேட்கிறாங்க அத்தான். எந்த டீம்னு முடிவு பண்ற உரிமை ஆடுறவளுக்கே வேணும்னு கேஸ் போடப் போறாங்க. பேர் தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி முன்னால நின்னா இந்த விதிக்கு இந்த வருஷமே தடை வாங்கிடலாமாம்.”

மாஸ்டர் நின்றார். அன்று முதல் முறையாக அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

“அப்புறம் என்ன? போடு சங்கத்துக்கு போனை!”

மச்சினன் விஷயத்தைச் சொல்லிவிட்டு, மறுமுனை பேசியதைக் கேட்டான். பிறகு போனை மாஸ்டரிடம் நீட்டினான். “நம்ம சொன்னாப் போதாதாம் அத்தான். அவளுக்குச் சம்மதமான்னு அவ வாயாலயே கேட்கணுமாம்.”

“அதான் முறை! இவங்களாவது கேட்கிறாங்களே!” மாஸ்டர் போனை மகளிடம் கொண்டுபோனார். “சொல்லும்மா. உன் இஷ்டப்படி ஆடற உரிமை வேணும்னு தைரியமாச் சொல்லு.”

மகள் மெல்லத் தலை நிமிர்ந்தாள். போனைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

“வேண்டாம்ப்பா.”

“ஏம்மா? லீக்குக்குப் பயப்படறியா?”

“லீக்காவது என்னை வெளியே அனுப்புதுப்பா. நீங்க அனுப்புவீங்களா?”