சௌக்கியமா

"அந்தப் பேர அழிச்சுட்டா எம்புள்ள எப்பிடித் தாயி வீடு வந்து சேருவான்?"

ராமுத்தாய் கேட்டதும், இணையப் பெயர்களுக்கு விதி போடும் கமிட்டியிலிருந்து வந்திருந்த கிருத்திகா டீ டம்ளரைக் கீழே வைத்தாள். பீர்மேட்டு எஸ்டேட்டின் அந்த லயத்து வீட்டுக்கு ஜீப்பில் ஏறி வரும்போதே இந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டு வந்தாள்.

"நான் மட்டும் முடிவு பண்றதில்லம்மா, கமிட்டி. சில எழுத்தை ரெண்டு விதமா டைப் பண்ணலாம், உங்க 'சௌ' மாதிரி. ஒரே எழுத்தாவும் போடலாம், 'செ', 'ள'ன்னு பிரிச்சும் போடலாம். கண்ணுக்கு ஒண்ணுதான், கம்ப்யூட்டருக்கு வேற வேற. அதை வச்சே போலி வெப்சைட் போட்டு ஜனங்களை மொட்டையடிக்கிறாங்க. இனிமே ரெண்டும் ஒண்ணுன்னு விதி வரப்போகுது."

"வரட்டுமே. நமக்கென்ன?"

மூத்த மகன் ஜெகன்தான் பதில் சொன்னான். "நம்ம 'சௌக்கியமா' போயிரும்மா. மூணாறுல ஒரு எண்ணெய் மசாஜ்காரன் அதே பேர சரியான எழுத்துல வாங்கி வச்சிருக்கான். இனி யாரு தட்டுனாலும் அவன் கடைதான் திறக்கும்."

கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போன தம்பி சின்னமுத்துவுக்காக ஜெகன் போட்ட இணையப் பக்கம் அது. ஒரு போட்டோ. அதை அமுக்கினால் அம்மாவின் குரல்: "சௌக்கியமா இருக்கியாய்யா? வீட்டுக்கு வாய்யா." போடி, கம்பம், குமுளி என்று பஸ் ஸ்டாண்டு சுவரையெல்லாம் விடாமல் அந்தப் பெயரை ஒட்டிவிட்டு வந்திருந்தார்கள். மழை கிழித்தது போக மிச்சம் எத்தனையோ, யார் கண்டது!

"வேற பேர் வாங்கித் தர்றோம்மா."

"அத அவங்கிட்ட யாரு போயிச் சொல்லுவா? என்னத் தேடி வர்றவன் எண்ணெய்க் கடையிலயா போயி நிப்பான்?" ராமுத்தாய் பொங்கிவந்த அழுகையை முந்தானையால் அடக்கினாள்.

சாயங்காலம் கமிட்டிக் கூட்டம். ஒரே ஒரு பெயருக்காக ஊருக்கே வேண்டிய விதியை நிறுத்தச் சொல்லி எந்த முகத்தோடு கேட்பது? கேட்காவிட்டால் இந்த அம்மாவின் வயிற்றெரிச்சல் சும்மா விடுமா? கிருத்திகா ராமுத்தாய் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. அந்தப் பக்கத்துக்கு யாரெல்லாம் வர்றாங்கன்னு விசாரிச்சேன். வெளியாள் யாருமே இல்லை. ஒரே ஒரு போன்தான், அது உங்களோடதாத்தான் இருக்கணும். ஞாயித்துக்கிழமை தவறாம திறந்து, உங்க குரலைக் கேட்டுட்டு மூடிடுறீங்க. அந்தக் குரலை உங்க போன்லயே ஏத்தித் தந்துடுறேன். எப்ப வேணும்னாலும் கேட்டுக்கலாம்."

ராமுத்தாய் இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து நீட்டினாள். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய பழைய பட்டன் போன்.

"இதுலயா தாயி?"

கிருத்திகா ஜெகனைப் பார்த்தாள்.

"நான் போட்டதோட சரி மேடம். அம்மா குரலக் கேட்டா தாங்காது. தொறக்கறதே இல்ல."



"அப்ப..." ராமுத்தாய் எழுந்து நின்றாள். "வாரா வாரம் எம்புள்ளதான் கேக்கானா?"