குதிகால் ரத்தம்

பத்து நாள் லீவு முடிந்து வந்த நர்ஸின் மேசையில் ஒரு லேப் ரிசல்ட், ரத்த மாதிரி அட்டையோடு காத்திருந்தது. பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்து, ஐந்து வட்டங்களில் காயவைத்த ரத்தம்; எச்ஐவி இல்லை. அட்டையில் பெயர் இருந்த, கர்ப்பம் முழுக்க எச்ஐவி மாத்திரை ஒன்றுகூடத் தவறவிடாத தாய்க்குத் துள்ளிக்கொண்டு போன் போட்டாள்.

"பாப்பாவுக்கு ஒண்ணுமே இல்லம்மா! உன் பொண்ணு தப்பிச்சிட்டா!"

"என்னக்கா சொல்றீங்க? இப்பதான் வலியே எடுத்திருக்கு. அங்கதான் வந்துட்டிருக்கோம்."

நர்ஸ் அட்டையைப் பார்த்தாள். 412 என்ற அச்சு எண்ணுக்குக் கீழே, ரத்தம் எடுத்த நாளாக நாளைய தேதி. எழுதியிருந்தது அவளுடைய கையெழுத்தில்.

"அக்கா... இருக்கீங்களா?"

"இருக்கேன். தைரியமா வா," என்றாள். சந்தோஷத்தில் சிரித்தாள். "பொண்ணுதான்."

டிராயரைத் திறந்தாள். பிரிக்காத புது அட்டைக் கட்டின் மேலே அதே 412 இருந்தது, ஐந்து வட்டங்களும் வெள்ளை வெளேரென்று.