சம்பள நாள் போட்டி

பதினேழாவது ஆளும் வேலாயுதத்தைத் திரும்பிப் பார்க்காமல் மரத்தடிக்குப் போய்விட்டான். வேலாயுதத்துக்கு வயிறு பற்றி எரிந்தது.

செந்தூல் ரயில் பட்டறை வாசலில் பத்து வருஷமாக வட்டிக்கு விடுகிறவர் அவர் ஒருத்தர்தான். சம்பள நாளென்றால் கும்பிடு போட்டுக்கொண்டு நிற்பார்கள். இன்றைக்கு எங்கிருந்தோ பழனியப்பன் என்று ஒருவன் வந்து, நெற்றி நிறையத் திருநீறும் மரப்பெட்டியுமாய் எதிர் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான்.

ஒவ்வொருத்தனும் போகிறான். பெருவிரலில் மை தடவி ஒரு நீளக் காகிதத்தில் கைநாட்டு வைக்கிறான். ஐந்து காசைக் கொடுத்துவிட்டு இளித்துக்கொண்டே வருகிறான்.

"குடுக்கும்போதே முன்வட்டியா? படுபாவி!" வேலாயுதம் பல்லைக் கடித்தார்.

திரும்பி வந்த ஒருத்தனை மறித்தார். "ஏன்டா தம்புசாமி, என்கிட்ட இல்லாதது அவன்கிட்ட என்னடா இருக்கு?"

"அவரு தங்கமான மனுசன், அண்ணே."

தங்கமாம்! பத்து வருஷத்தில் தன்னை ஒரு பயல் பித்தளை என்றாவது சொன்னதுண்டா? அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை.

வட்டித் தொழிலுக்குப் புதுச் சட்டம் வந்து ஆறு மாதமாகிறது. லைசென்ஸ் எடுக்க வேண்டும், சர்க்கார் சொன்ன வட்டிக்கு மேல் வாங்கக் கூடாது. லைசென்ஸ்தான் நம்மிடம் இருக்கிறதே என்று ரிக்‌ஷா பிடித்து, லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரி ராதாகிருஷ்ணனிடம் ஓடினார்.

"ஐயா, லைசென்ஸ் இல்லாத ஒருத்தன் என் ஆளுங்களையெல்லாம் இழுத்துட்டான்!"

"உங்க ஆளுங்கன்னு எப்படி நம்புறது?"

பெண்டாட்டிக்குக்கூடக் காட்டாத சின்ன நோட்டை வேலாயுதம் மடியிலிருந்து உருவி மேசையில் போட்டார். "பேரு, வாங்கினது, கட்டினது, எல்லாம் என் கையெழுத்து. பாருங்க!"

அதிகாரி நிதானமாகப் படித்தார். மூடித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "வாங்க, போகலாம்" என்றார்.

மரத்தடிக்கு வந்ததும் வேலாயுதம் குதித்தார். "பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கய்யா! பணமெல்லாம் அதுலதான்!"

பழனியப்பன் திறந்தான். மைப்புட்டி, பேனா, கொஞ்சம் ஐந்து காசு நாணயங்கள். கடன் கொடுக்கிற அளவுக்கு அதில் பணமே இல்லை.

"நான் மனு எழுதுறவன், ஐயா. ஆளுக்கு அஞ்சு காசு கூலி" என்றபடி நீளக் காகிதத்தை அதிகாரியிடம் நீட்டினான். "பட்டறை ஆளுங்க எல்லாரும் சேர்ந்து இந்த வேலாயுதம் அண்ணன் மேல குடுக்குற மனுங்கய்யா. பத்து வெள்ளிக் கடனுக்கு மாசம் மூணு வெள்ளி வட்டி வாங்குறாராம்."

"பொய்யிங்கய்யா!" என்று வேலாயுதம் கத்தினார்.

"ஆனா, நிரூபிக்கத்தான் கையில ஒண்ணுமில்லீங்க" என்று பழனியப்பன் தலையைச் சொறிந்தான்.

அதிகாரி சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார்.

"இருக்கு. அவரே குடுத்துட்டாரு."