கங்கையம்மாள் கேட்ட சீட்டு

“புள்ளையா, கட்டியா? அத மட்டும் சொல்லும்மா, போதும்.”

கங்கையம்மாள் இதைக் கேட்பது நாலாவது தடவை. டாக்டரம்மா உள்ளே மருமகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், வந்து சொல்வார் என்று நர்ஸ் வடிவும் நாலு தடவை சொல்லியாயிற்று.

மாமியாரும் மருமகளும் கூரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர்கள். பெண்ணின் பேர் லில்லி. ஓ.பி. சீட்டு எழுதும்போது புருஷன் பேரைக் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டாள். சாமுவேல் என்று சொன்னது மாமியார்தான். எந்தப் பெண் புருஷன் பேரைத் தன் வாயால் சொல்கிறாள்? நெற்றியில் பொட்டில்லை. வேதக்கார வீட்டுப் பெண், அதிலும் அதிசயமில்லை.

வயிறு மட்டும் ஐந்து மாதத்துக்கு இருந்தது. சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு தறிக்கார வீட்டில் பட்டுநூல் சுற்றுகிற வேலையாம். வயிற்றைப் பார்த்ததும் இனிமேல் வரவேண்டாம் என்றுவிட்டார்களாம். இதைக்கூடக் கிழவி யாரையோ முறைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

வடிவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேரன் வேண்டும் என்று மருமகளைப் பிடுங்கித் தின்கிற மாமியார்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள்!

டாக்டரம்மா கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். பின்னாலேயே லில்லி. கர்ப்பம் இல்லை, சினைப்பையில் நீர்க்கட்டி, பெரிசுதான், ஆனால் பயப்பட ஒன்றுமில்லை, ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டால் பத்து நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றார்.

கங்கையம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழப்போகிறாள் என்று வடிவு தண்ணீர் மொண்டுகொண்டு திரும்பினால், கிழவி சிரித்துக்கொண்டிருந்தாள்.

“கட்டிதானே டாக்டரம்மா? நல்லா பாத்தீங்களா? அத ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க.”

வடிவுக்குப் பொறுக்கவில்லை. “வயித்துல கட்டின்றாங்க, நீ சிரிச்சிக்கினு இருக்கியே ஆயா. சீட்டக் காட்டி உம் புள்ளைக்கு வேற பொண்ணு பாக்கப் போறியா?”

கிழவி எழுந்தாள். லில்லியின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அந்தப் பெண் அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.

“எம் புள்ள செத்து மூணு வருசம் ஆவுது, நர்ஸம்மா. இவளப் பத்தி எனக்கு எந்தச் சீட்டும் வேணாம். ஊருக்குத்தான் வேணும்.”