சேரலாதனின் இழைகள்

சேரலாதன் இறந்தபோது அவன் இதயத் தசையிலிருந்து எடுத்த, தசையைச் சுருங்கவைக்கும் இயக்கப் புரதங்களை ஆய்வகம் ஒரு குப்பியில் காத்துவந்தது. ஒவ்வொரு ஆண்டும் அவன் நினைவு நாளில், அங்கேயே அளவெடுக்கும் பணியில் இருக்கும் அவன் மனைவி நிரஞ்சனா, அதில் ஒரு துளியைக் கண்ணாடியில் பரப்பி மேலே ஒளிரும் இழைகளை விடுவாள். அவனுடைய புரதங்கள் அந்த இழைகளை மூலைக்கொன்றாக ஓட்டும். மாமியார் வள்ளியம்மை நுண்ணோக்கியின் திரையில் அதைக் கண்கொட்டாமல் பார்ப்பாள். ஓட்டம் நின்றுவிட்டால் குப்பியை அழித்துவிட வேண்டும் என்பது விதி.

ஏழாம் ஆண்டு இழைகள் அசையவே இல்லை. நிரஞ்சனா மாமியாருக்குத் தெரியாமல் கண்ணாடியின் ஓரத்தில் உறிஞ்சுதாளை வைத்தாள். நீர் அந்தப் பக்கம் இழுபட, இழைகளும் நகர்ந்தன.

"நல்லா ஓடறாருங்க அத்தை, பாருங்க."

வள்ளியம்மை வெகுநேரம் பார்த்தாள். "எல்லாம் ஒரே பக்கமாப் போகுதே கண்ணு. எம்பையன் என்னைக்கு நாம சொன்ன பக்கம் போயிருக்கான்?"

"நான்தான் தண்ணிய இழுத்தேனுங்க அத்தை."

"தெரியுது சாமி. போதும், அவன அனுப்பி வெச்சிரு."

நிரஞ்சனா தாளை எடுத்தாள். இழைகள் நின்றன. வேகம் பூஜ்யம் என்று பதிந்துவிட்டு, விளக்கை அணைக்கக் கை நீட்டினாள்.

ஒரே ஒரு இழை மட்டும் தலை திருப்பி, வந்த வழியே ஊரத் தொடங்கியது.

வள்ளியம்மை மருமகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.