பூசணிப் பூவைப் பிய்த்தவர்

"திருடன் வெளியாள் இல்லக்கா. உங்க வீட்டுலயே இருக்காரு!"

கதவைத் திறந்ததும் திறக்காததுமாகக் குடியிருப்புச் சங்கச் செயலாளர் சொன்ன முதல் வார்த்தை இது. திருடனுக்கும் மரியாதை கொடுத்துப் பேசுகிற ஆள் அவர். கையில் போன். முகத்தில் துப்புத் துலக்கிவிட்ட பெருமை.

"உள்ள வாங்க தம்பி. எந்தத் திருடன்?"

"மொட்டை மாடியில தினமும் பூவைப் பிச்சுப் போடறாங்களே, அந்த ஆளைச் சொல்றேன்."

அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் பூசணி அக்கா. பழைய தண்ணீர்த் தொட்டியை அறுத்து மண் நிரப்பி, மாடியில் பூசணிக்கொடி வளர்க்கிறவர். வருஷக்கணக்காகக் கொடி பூக்கும், பூ உதிரும், ஒரு காய்கூட நிற்காது. தேனீயே இல்லாத ஊரில் எப்படி நிற்கும்? இந்த வருஷம் என்ன மாயமோ, கொடி முழுக்கக் காய். முதல் காயைத் தூக்கிக்கொண்டு அக்கா நேரே சங்கக் கூட்டத்துக்குப் போய்விட்டார். தேனீ திரும்பி வந்துவிட்டது, இனிமேல் வாராவாரம் பூச்சி மருந்து அடிக்காதீர்கள் என்று கெஞ்சினார்.

செயலாளர் அரை மனதாக நிறுத்தி வைத்தார். அவரும் இயற்கைப் பிரியர்தான். மாடியில் பச்சை பிளாஸ்டிக் புல் விரித்து, 'இயற்கையோடு இணைவோம்' என்று பலகை மாட்டியதே அவர்தான். அந்தப் புல்மேல் யாரோ தினமும் பூவைப் பிய்த்துப் போடுவதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. இதழெல்லாம் போய் மழைநீர்க் குழாயை அடைத்துவிட்டது. அக்காவிடம் கேட்டால், "காத்துல விழுந்திருக்கும், விடுங்க" என்று மழுப்பினார். காற்று எங்கேயாவது இதழ் இதழாகப் பிய்க்குமா? செயலாளர் கேமரா மாட்டிவிட்டார்.

"இதோ, உங்க கண்ணாலயே பாருங்க."

போனில் விடியற்காலை மாடி தெரிந்தது. ஒருவர் குனிந்து குனிந்து வருகிறார். ஒரு பூவைப் பறிக்கிறார். இதழ்களைப் பிய்த்துக் கீழே போடுகிறார். அடுத்த பூவிடம் போய்க் குனிகிறார். முதுகு மட்டும்தான் தெரிந்தது. அந்த முதுகை அக்காவுக்கு அடையாளம் தெரியாதா என்ன?

"சார்தான்! உங்க வீட்டுக்காரரேதான்! நானே ஆடிப்போயிட்டேன்."

அக்கா போனை அவர் பக்கமே நகர்த்தினார்.

"தப்பா நினைக்காதீங்க. உங்களுக்குள்ள ஏதாவது மனஸ்தாபமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி."

"பின்ன என்னக்கா? காலம் பூரா பூச்சி மருந்து கம்பெனியில இருந்தவர். ஊர் ஊராப் போய் வித்தவர். செடி கொடி மேல அவருக்கு என்ன பாசம் இருக்கப் போகுது? நீங்க மருந்தை நிறுத்தச் சொன்னது அவருக்குக் குத்தியிருக்கும். அந்தக் கோபத்தைப் பூ மேல காட்டறாரு."

"மெதுவாப் பேசுங்க. உள்ள தூங்கறாரு."

"எதுக்கு மெதுவா? ஞாயித்துக்கிழமை கூட்டத்துல எல்லாருக்கும் போட்டுக் காட்டப் போறேன். அவரே வந்து பதில் சொல்லட்டும்."

அக்கா எழுந்து போய் உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"வேண்டாம் தம்பி. உங்க கால்ல வேணா விழறேன்."

"ஐயோ, என்னக்கா இது!"

"அவர் பிச்சது ஆண் பூ. அதைப் பறிச்சு, இதழை எடுத்துட்டு, உள்ள இருக்கிற மகரந்தத்தைப் பெண் பூவுல தடவணும். அப்பதான் காய் பிடிக்கும். அதைத்தான் அவர் தினமும் செய்யறாரு."

"அது தேனீ செய்யற வேலை இல்லையா? தேனீ வந்துடுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"எங்க வந்துச்சு? பகல் பூரா அந்தக் கொடிகிட்ட உட்கார்ந்து பார்த்திருக்கேன். ஒண்ணுகூட வரல. இனிமே வரும்னும் எனக்கு நம்பிக்கை இல்ல." அக்கா சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தார். "வேலையை விட்டதுல இருந்து அவருக்குத் தூக்கம் கிடையாது. தட்டுல சாப்பாட்டைப் போட்டா, மருந்து வித்தே எல்லாத்தையும் கொன்னுட்டேனேன்னு அழுவாரு. ஒருநாள் காலையில சிரிச்சுக்கிட்டே மாடியில இருந்து இறங்கி வந்தாரு. தேனீ வந்துடுச்சு போலிருக்கு, காய் பிடிச்சிருக்கு பாருன்னாரு. விரலெல்லாம் மஞ்சளா மகரந்தம். எனக்குப் புரிஞ்சிடுச்சு. என்னைச் சந்தோஷப்படுத்தப் பொய் சொல்றாரு."

"நீங்க அவர்கிட்ட கேட்கலையா?"

"எப்படிக் கேட்பேன்? நம்பற மாதிரி நடிச்சேன். அவருக்குச் சந்தேகம் வரக்கூடாதுன்னுதான் கூட்டத்துக்கே காயைத் தூக்கிட்டு வந்தேன். அன்னைக்குத்தான் அவர் வயிறாரச் சாப்பிட்டாரு. தூங்கினாரு. தான் செய்யறது எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, அவர் மறுபடியும் படுத்துடுவாரு தம்பி."

செயலாளர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அவருக்கும் மனசு கேட்கவில்லைதான். ஆனாலும் செயலாளர் செயலாளர்தானே?

"வீடியோவை அழிச்சிடறேன்கா. யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன். ஆனா..." என்று இழுத்தார். "எல்லாரும் கொசு கொசுன்னு என் உயிரை எடுக்கறாங்க. தேனீயே வரலைன்னு ஆனப்புறம், மருந்தை இன்னும் நிறுத்தி வைக்க நான் என்ன காரணம் சொல்றது?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அடிச்சுக்கோங்க. கொசுவைத் தவிர அங்க சாகறதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல. காலையில அவர் கீழே இறங்கினப்புறம் அடிக்கச் சொல்லுங்க, போதும். இருக்கிறது அந்த ஒரு தேனீதான்."